ஒரு ஷார்ட்பிரெட் டின்னும் நான்கு பேரும்

1/
டிசம்பர் வந்தாச்சு. நான் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்து மருத்துவமனையில், வார்டு நர்ஸ்கள் உட்காரும் மேசை மேல் பிஸ்கட் டின்கள் சேர ஆரம்பித்துவிட்டன. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டுப் போவது. பாதிக்கு மேல் ஒரே சாமான்தான்: ஷார்ட்பிரெட்.

கூடவே வருஷா வருஷம் இன்பாக்ஸில் வரும் கேள்வியும் வந்துவிட்டது. "டாக்டர், மச்சான் ஃபாரின்ல இருந்து பட்டர் குக்கீஸ் டின் கொண்டு வந்திருக்கார். எனக்கு சுகர் இருக்கு. சாப்பிடலாமா?"

ஒரு வரியில் சொல்ல முடியாது. சாப்பிடப் போவது யார் என்பதைப் பொறுத்துத்தான் பதில். கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுட்டு வாங்க.

2/
முதலில் இது என்ன பண்டம் என்று பார்த்துவிடுவோம்.

சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. ஸ்காட்லாந்தின் பழைய கணக்கு இதுதான். கொஞ்சம் உப்பு. முட்டை கிடையாது, ஈஸ்ட் கிடையாது. குறைந்த சூட்டில் நிதானமாக வேகவைப்பார்கள்.

"ஷார்ட்" என்றால் இங்கே குட்டை என்று அர்த்தமில்லை. வாயில் வைத்ததும் பொலபொலவென்று உதிர்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சப்பாத்தி மாவைப் பிசைந்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் இல்லையா? கோதுமையின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலை பின்னுவதால் வரும் இழுவை அது. இங்கே வெண்ணெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு அந்த வலையைப் பின்ன விடுவதில்லை. அதனால்தான் உதிர்கிறது. நம்ம ஊர் பேக்கரி நெய் பிஸ்கட்டும் நானகட்டாயும் இதே வேலைப்பாடுதான்.

இந்த "உதிர்வது" என்ற ஒரு குணத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சத்தில் அது தேவைப்படும்.

3/
அவர்களுக்கு இது வெறும் பிஸ்கட் இல்லை.

ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஆனதே 1958-ல்தான். அதுவரைக்கும், இன்னும் பல வீடுகளில் இன்றைக்கும், பெரிய பண்டிகை என்றால் ஹாக்மனே. அதாவது டிசம்பர் 31 இரவு. நள்ளிரவு தாண்டியதும் வீட்டு வாசலை முதலில் மிதிப்பவர் யார் என்பதை வைத்து அந்த வருஷத்தின் அதிர்ஷ்டத்தைச் சொல்வார்கள். கருத்த தலைமுடி உள்ள ஆண் வந்தால் விசேஷம். கையில் ஒரு துண்டு நிலக்கரி, கொஞ்சம் விஸ்கி, கூடவே ஷார்ட்பிரெட். அந்த வீட்டில் சூடும் சாப்பாடும் குறையக்கூடாது என்பதுதான் அர்த்தம்.

நமக்கோ முடி இயற்கையிலேயே கருப்பு. வந்த முதல் வருஷமே பக்கத்து வீட்டுக்காரர் டிசம்பர் 30 அன்று வந்து, "நாளைக்கு ராத்திரி 12 மணிக்கு நீங்கதான் எங்க வீட்டுக்குள்ள முதல்ல வரணும்" என்று புக் பண்ணிவிட்டுப் போனார். நிலக்கரியையும் அவரே கொடுத்துவிட்டார்.

ஏன் இதைச் சொல்கிறேன்? "அது வெறும் மைதாவும் வெண்ணெயும், தூக்கிப் போடு" என்று டாக்டர்கள் நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவோம். தீபாவளிக்கு அதிரசம் கூடாது என்று யாராவது உங்கள் அம்மாவிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அதே கனம்தான் இங்கேயும்.

இப்போது நான்கு பேரைப் பார்ப்போம். அடையாளங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

4/
முதல் ஆள். எழுபதைத் தாண்டிய தாத்தா. பக்கவாதம் வந்து மூன்றாம் நாள். வலது கை வரவில்லை, பேச்சு குழறுகிறது. கட்டிலுக்கு மேலே ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு அட்டை மாட்டியிருந்தார்: மசித்த உணவு மட்டும், தண்ணீரும் கெட்டியாக்கித்தான் தர வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர் மனைவி டின்னோடு வந்தார். ஒரு துண்டை ஒடித்து அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகும்போது நர்ஸ் பார்த்துவிட்டு ஓடி வந்து தடுத்தார். அந்த அம்மாவுக்குக் கோபம், அப்புறம் அழுகை. "ஐம்பது வருஷமா நான் கொடுத்துத்தான் சாப்பிடுறார். ஒரு துண்டு பிஸ்கட். அதுவும் கூடாதா?"

5/
கூடாது. காரணம் சர்க்கரையோ கொழுப்போ இல்லை. உதிர்வதுதான் காரணம்.

பக்கவாதம் வந்த நிறையப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்கும் திறன் பாதிக்கப்படும். நாக்கு, தொண்டைத் தசைகள் ஒத்துழைக்காது. அந்த நேரத்தில் உலர்ந்து உதிரும் பண்டம் வாயில் ஒரு உருண்டையாகச் சேராது. தூள் தூளாகப் பிரிந்து, உணவுக் குழாய்க்குப் பதில் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். நமக்கென்றால் புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். அவர்களில் சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டு நாளில் காய்ச்சல், நிமோனியா. பக்கவாதத்தில் பிழைத்தவர் நிமோனியாவில் போவதை நாங்கள் பார்க்கிறோம்.

ஷார்ட்பிரெட், ரஸ்க், மிக்சர், பொரி, அவல், முறுக்கு. எல்லாமே இந்த ஜாதிதான். "டீல நனைச்சுத் தர்றேனே" என்பதும் பாதுகாப்பில்லை. வெளியே கூழாகவும் உள்ளே தூளாகவும் இருக்கும். கூடவே டீயும் ஒழுகும்.

6/
அந்த அம்மாவை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். அன்று மத்தியானம் ஸ்பீச் தெரபிஸ்ட் கட்டியில்லாத கஸ்டர்டை அவர் கையிலேயே கொடுத்து, தலையை எப்படி வைக்க வேண்டும், ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பழக்கினார். ஊட்டியது அந்த அம்மாதான். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று தோன்றியது.

டின் கட்டில் பக்கத்து அலமாரியில் அப்படியே இருந்தது. ஷார்ட்பிரெட்டில் ஈரம் ரொம்பக் குறைவு, மூடிய டின்னில் மாதக்கணக்கில் கெடாது. விழுங்கும் பரிசோதனையில் அவர் தேறியது பிப்ரவரியில். டின்னை அன்றைக்குத்தான் திறந்தார்கள்.

உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தால், பண்டிகைக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பாசமாகத்தான் ஊட்டுவார்கள். ஆபத்து அங்கேதான்.

7/
இரண்டாவது ஆள். நண்பர் ஒருவரின் அப்பா. திருச்சியிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்தார். 20 வருஷமாக சுகர், இரண்டு வேளை இன்சுலின். அன்றைக்கு ராத்திரி விருந்தாளிகள். வழக்கமான நேரத்துக்கு இன்சுலின் போட்டுக்கொண்டார், ஆனால் சாப்பாடு தள்ளிப் போனது. உடம்பு வேர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் மருமகளிடம் எரிந்து விழுந்திருக்கிறார். லோ சுகர்.

நண்பருக்கு விஷயம் தெரியும். இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மேசையில் இருந்த ஷார்ட்பிரெட் இரண்டு துண்டு கொடுத்திருக்கிறார். 20 நிமிஷம் கழித்து, ஊரிலிருந்து கொண்டு வந்த மீட்டரில் பார்த்தால் 58. எனக்குப் போன். "சாப்பிட்டும் ஏறவே மாட்டேங்குதுடா!"

8/
ஏறாது. இரண்டு துண்டில் சர்க்கரையும் மாவுமாக 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதோடு 12 கிராம் கொழுப்பும் இருக்கிறது. கொழுப்பு வயிற்றில் இருந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். குளுக்கோஸ் குடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே ரத்தத்தில் ஏறும்? லோ சுகரில் நமக்கு இருப்பது நிமிஷக் கணக்கு.

"அப்பா முழிச்சிருக்காரா? பேசுறாரா? விழுங்க முடியுதா?" என்று கேட்டேன். மூன்றுக்கும் ஆமாம். "மூணு டீஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணி. கலக்கிக் கொடு. சரியா 15 நிமிஷத்துல திரும்பப் பாரு."

92.

"இப்போ சாப்பாடு ரெடியா? இல்லன்னா அந்த ஷார்ட்பிரெட்டை ஒண்ணு கொடு." நண்பர் குழம்பிப் போனார். "இப்பத்தானே வேண்டாம்ன?"

9/
குழப்பம் வேண்டாம். இரண்டு கட்டம் இருக்கிறது.

முதல் கட்டம், மேலே ஏற்றுவது. இதற்குக் கொழுப்பே இல்லாத, வேகமாக ஏறும் 15 கிராம் வேண்டும். 3 டீஸ்பூன் சர்க்கரை, அல்லது குளுக்கோஸ் பவுடர், அல்லது 150 மில்லி பழச்சாறு. சாக்லேட், பால், பிஸ்கட், லட்டு இந்த வேலைக்கு லாயக்கில்லை. 15 நிமிஷத்தில் திரும்பப் பாருங்கள். 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் மறுபடி ஒரு முறை.

இரண்டாம் கட்டம், ஏறியதைத் திரும்ப விழாமல் பிடித்து வைப்பது. இதற்கு மெதுவாகச் செரிக்கும் உணவு. இட்லி, சாதம், ரொட்டி, எதுவும் இல்லையென்றால் பிஸ்கட். ஷார்ட்பிரெட்டின் இடம் இங்கே.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவோ திணிக்கவோ கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 108, இங்கே 999.

இன்சுலின் மட்டுமல்ல, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பண்டிகை நாளில் சாப்பாடு தள்ளிப் போவதுதான் வழக்கமான காரணம். ஊசி போட்டபின் விருந்தாளிக்காகக் காத்திருக்காதீர்கள். நீங்கள் முதலில் சாப்பிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

10/
மூன்றாவது ஆள். 88 வயது பாட்டி. இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. எடை 38 கிலோ, அதுவும் வாரா வாரம் குறைகிறது. தட்டில் வைத்தது அப்படியே திரும்பிப் போகிறது. புண் ஆற மாட்டேன் என்கிறது, எழுந்து நடக்கப் பலமில்லை.

பார்க்க வருகிறவர் யாருமில்லை. நர்ஸ் மேசையிலிருந்த டின்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேணுமா?" என்று கேட்டேன். "எனக்கு அனுமதி உண்டா, சன்?" என்றார். இங்கே வயதானவர்கள் டாக்டரையும் "சன்", அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார்கள்.

பல வருஷம் முன்னால் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று யாரோ ஒரு டாக்டர் வெண்ணெயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது சரியான அறிவுரை. அவர் அதை ஒரு நாள்கூட மீறவில்லை. எங்கள் கேஸ் ஷீட்டிலும் "கொழுப்பு குறைந்த உணவு" என்ற குறிப்பு பழைய பேப்பரிலிருந்து புதிய பேப்பருக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது.

11/
88 வயதில், 38 கிலோவில், அந்த பாட்டியின் எதிரி கொலஸ்ட்ரால் இல்லை. பட்டினி.

டயட்டீஷியனிடம் பேசினோம். பழைய குறிப்பை அடித்துவிட்டோம். விழுங்குவதில் சிக்கல் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் முழுக் கொழுப்புப் பாலில் டீ, கூடவே இரண்டு துண்டு ஷார்ட்பிரெட். ஒரு வேளைக்கு 200 கலோரி பிஸ்கட்டிலிருந்தே வந்துவிடும். அவர் சாப்பிடும் அளவில் ஒரு முழு மத்தியானச் சாப்பாட்டுக்கு அது சமம். மருந்துக் கடை சத்து பானத்தை முகம் சுளித்துத் தள்ளியவர், இதை மிச்சம் வைக்கவில்லை.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. எடை ஏறவில்லை. இறங்குவது நின்றது. அந்த வயதில் அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம். அடுத்தடுத்த வாரங்களில் வாக்கர் பிடித்துக் கழிவறை வரைக்கும் போய் வந்தார்.

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இளைத்துக்கொண்டே போகிறாரா? அவர் இன்னமும் பின்பற்றும் பத்தியம் எந்த வருஷத்தில், எத்தனை கிலோ இருந்தபோது சொல்லப்பட்டது என்று கேளுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் காட்டி, "இது இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். பத்தியத்துக்கும் காலாவதி தேதி உண்டு.

12/
நான்காவது ஆள் நீங்கள்தான்.

35-லிருந்து 60-க்குள் வயது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. பேன்ட் ஒரு சைஸ் கூடியிருக்கிறது. சுகர் இருக்கலாம், இல்லை "பார்டர்ல இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். விழுங்கப் பிரச்சினை இல்லை, பட்டினி இல்லை. மேலே உள்ள பாட்டி கதையை எடுத்துக்கொண்டு "டாக்டரே சொல்லிட்டார்" என்று கிளம்ப வேண்டாம்.

விரல் மாதிரி நீளமான துண்டு ஒன்று சுமார் 20 கிராம். அதில் ஏறக்குறைய 100 கலோரி, 12 கிராம் மாவுச்சத்து, 6 கிராம் கொழுப்பு, அந்தக் கொழுப்பில் 4 கிராம் நிறைவுற்றது.

நம்ம கணக்கில் சொன்னால்: மாவுச்சத்தில் ஒரு துண்டு ஒரு இட்லிக்குச் சமம். கலோரியில் இரண்டு இட்லிக்குச் சமம். ஆனால் ஒரு இட்லி வயிற்றுக்குத் தெரியும், ஒரு துண்டு ஷார்ட்பிரெட் தெரியாது.

13/
டிவி பார்த்துக்கொண்டே ஐந்து துண்டு போவது யாருக்கும் சுலபம். ஐந்து துண்டு என்றால் 500 கலோரி, 20 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும் உச்ச வரம்பே 20 கிராம்தான். ஆணுக்கு 30.

இந்த வகைக் கொழுப்பு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். "வெண்ணெய் நல்லதுன்னு இப்போ கண்டுபிடிச்சுட்டாங்களாமே" என்று ஃபார்வர்டு வரும். வெண்ணெய் விஷமில்லை. மருந்தும் இல்லை.

சுகர் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் குத்திப் பார்த்து "ஏறவே இல்ல டாக்டர்" என்று சந்தோஷப்படாதீர்கள். திருச்சி அப்பாவுக்கு ஏறாத அதே காரணம். கொழுப்பு தள்ளிப் போடுகிறது, தள்ளுபடி செய்வதில்லை.

14/
இப்போது டின்னைத் திருப்புங்கள். முன்பக்கம் கோட்டை, மான், பனி எல்லாம் இருக்கும். விஷயம் பின்பக்கம்.

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும். இங்கேயும் இந்தியாவிலும் இதுதான் விதி. சரியான ஷார்ட்பிரெட் என்றால் பட்டியல் ரொம்பச் சின்னது: கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை, உப்பு. வெண்ணெய் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இருக்கும்.

அப்புறம் "பட்டர்" என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். மைதா, சர்க்கரை, பாமாயில், அதற்கும் கீழே எங்கேயோ வெண்ணெய், ஒற்றை இலக்கச் சதவீதத்தில். மீதி வாசனைக்கு எசன்ஸ். இரண்டு ஊரிலும் இப்படிப்பட்ட பாக்கெட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பாமாயில் கொழுப்பிலும் ஏறக்குறைய பாதி நிறைவுற்றதுதான். அங்கே வெண்ணெய் போய் பாமாயில் வந்தது உங்கள் இதயத்துக்காக இல்லை, விலைக்காக.

15/
இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு.

நம்ம வீடுகளில் நூலும் ஊசியும் போட்டு வைக்கிற அந்த நீல வட்ட டின், டென்மார்க் பட்டர் குக்கீஸ் டின். உலகத்திலேயே முதன்முதலாகத் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்புக்குச் சட்டம் போட்டு வரம்பு கட்டியது அதே டென்மார்க்தான், 2003-ல். 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்றார்கள். எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது வருவது இந்தக் கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதையும் இறக்கும். அதனால் மாரடைப்புக்கு நேர்வழி.

இந்தியாவில் வனஸ்பதி என்று நமக்குத் தெரிந்த பண்டம். பேக்கரி பிஸ்கட், பஃப்ஸ் எல்லாம் பல வருஷம் அதில்தான் வெந்தன. 2022 ஜனவரியிலிருந்து இங்கேயும் வரம்பு அதே 2 சதவீதம். 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் டிரான்ஸ் கொழுப்பை ஒழித்ததற்காக முதல் ஐந்து நாடுகளுக்குச் சான்று கொடுத்தபோது, அதில் டென்மார்க்கும் இருந்தது. நல்ல சட்டம் ஒன்று போட்டால், லேபிள் படிக்கத் தெரியாதவர்களையும் சேர்த்துக் காப்பாற்றும்.

ஆனால் கண்ணாடி ஜாடியில் எடை போட்டுத் தரும் பிஸ்கட்டுக்கு லேபிள் கிடையாது. "அண்ணே, இது எதுல போட்டது?" என்று கேளுங்கள். தெரிந்த கடைக்காரர் உண்மையைச் சொல்வார்.

16/
சுருக்கமாக:

• விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு: ஒரு துண்டும் வேண்டாம்.
• லோ சுகரில்: முதலில் சர்க்கரைத் தண்ணீர், ஏறிய பிறகுதான் பிஸ்கட்.
• இளைத்துப்போன முதியவருக்கு: டாக்டரைக் கேட்டுவிட்டு, தாராளமாக.
• சுகர், கொலஸ்ட்ரால், தொப்பை உள்ள நமக்கு: பண்டிகை நாளில் ஒன்றோ இரண்டோ. தட்டில் எடுத்து வைத்துவிட்டு டின்னை மூடுங்கள். டின்னை மடியில் வைத்துச் சாப்பிடுகிறவருக்குக் கணக்கு நிற்காது.
• கோதுமை, பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு: இரண்டுமே இதில் இருக்கிறது. "முட்டை இல்லையே" என்று கொடுத்துவிடாதீர்கள்.
• பரிசாக வாங்குகிறவர்களுக்கு: பெரிய டின் வேண்டாம். அரை கிலோ டின் ஒன்று 2,600 கலோரி. சின்னதாக, நல்ல வெண்ணெயில் செய்ததாக வாங்குங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பெரிய டின் பரிசில்லை, ஒரு மாசத்து வேலை.

17/
கடைசியாக ஒன்று. மச்சான் டின் கொண்டுவந்தால் "எனக்கு சுகர்" என்று முகத்தில் அடித்த மாதிரி திருப்ப வேண்டாம். திறந்து, ஒன்று எடுத்து, ருசித்துச் சாப்பிடுங்கள். மீதியைப் பக்கத்து வீடு, வாட்ச்மேன், வேலைக்கு வரும் அக்கா வீட்டுப் பிள்ளைகள் என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களும் ஷார்ட்பிரெட்டை அடுத்த வீட்டு வாசலுக்கு எடுத்துக்கொண்டுதானே போகிறார்கள்.

காலி டின் எப்படியும் உங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறது. நூலும் ஊசியும் காத்திருக்கும். அவசரமில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்கு இந்த இழையை அனுப்பி வையுங்கள். முக்கியமாக 5, 9, 11.